ஏழாம் எண்ணுக்குப் பதில்

அக்டோபர் 22, திங்கள்

காலையிலிருந்து தூறல். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை, பஸ் நகரவே இல்லை. கம்பெனி வாசலில் இறங்கியபோது ஒன்பதேகால். மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று. தலைவலி.

புது சர்வர் வந்துவிட்டது. மூர்த்தி சார் (மேனேஜர், இனி மூ.சா.) அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பத்து நாள் கெடு. நவம்பர் முதல் வாரம் வெளிநாட்டுப் பார்ட்டி நம் இறால் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அமோனியா மணி அடிக்கிற மாதிரி ஆக வேண்டும்.

எனக்காக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்து தொலைப்பேன்:
- இறாலை உறைய வைப்பது அமோனியா. கசிந்தால் கண், தொண்டை, கடைசியில் நுரையீரல்.
- கம்ப்ரஸர் ரூமில் சென்சார் பெட்டி. கசிவு தெரிந்தால் கேபிள் வழியாக ஒரு செய்தி அனுப்பும்.
- செய்தி சர்வருக்கு வரணும். சர்வர் பீலிங் ஷெட்டில் மணி அடிக்கணும்.
- ஷெட்டில் அறுபது பெண்கள் உட்கார்ந்து இறால் உரிக்கிறார்கள். அதில் ஒருத்தி ஸ்டெல்லா.

ஸ்டெல்லா என் தங்கை. வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

சென்சார் பெட்டிக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். 192.168.0.7. செய்து கொடுத்த கம்பெனியை மூடிவிட்டார்கள், மாற்ற வழியில்லை. ஆகவே சர்வர்தான் ஏழாக வேண்டும். முதல் மூன்று எண் எல்லா மெஷினுக்கும் ஒன்றே, தெருப் பெயர் மாதிரி. கடைசி எண்தான் வீட்டு எண்.

எனக்கு முன்பு இந்தக் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர் துபாய் போகும்போது நோட்டு ஒன்றை விட்டுப் போனார். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல்.
1 கேட்வே
4 அக்கவுண்ட்ஸ்
5 மூ.சா.
6 நான்
7 தேவசகாயம், கம்ப்ரஸர்

ஏழின் மேல் சிவப்பு மையில் ஒரு சிலுவை. அடித்தல் இல்லை. சிலுவை.

தேவசகாயம் அண்ணன் கம்ப்ரஸர் ஆபரேட்டர். பிப்ரவரியில் வால்வை மூடப் போய், காஸ் குடித்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் இருந்தவரை அவர் மெஷினுக்குத்தான் செய்தி வரும். அவர் ஓடி வந்து ஷெட் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடிப்பார். அதுதான் மணி. அவர் கேபினைப் பூட்டி எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக செய்தியைப் பார்க்க யாருமே இல்லை.

மூ.சா.விடம் கேட்டேன். "அதான் ஒண்ணும் லீக் ஆகலியேம்மா" என்றார். மனுஷன்.

அக்டோபர் 23, செவ்வாய்

வெயில். டிபன் பாக்ஸை வீட்டிலேயே மறந்தேன். ஸ்டெல்லாவுடையதைப் பிடுங்கிச் சாப்பிட வேண்டும்.

சர்வரில் போட்டது:
ஐபி 192.168.0.7
மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.0.1

ஓகே அழுத்தினேன். திரையில் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து நின்றது. இந்த எண் இந்த நெட்வொர்க்கில் வேறொரு மெஷினிடம் இருக்கிறதாம்.

தப்பாக அடித்திருப்பேன் என்று மறுபடி அடித்தேன். அதே பெட்டி. சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு என் மேஜையிலிருந்து ஏழைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிங் என்பது அவ்வளவுதான், 'இருக்கிறாயா' என்று நான்கு முறை கேட்கும். இருந்தால் நான்கு பதில்.

நான்கு பதில் வந்தது.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் செய்யும்போதே போட்ட எண் ஒன்று உண்டு. ஐபியை நாம் கொடுக்கலாம், எடுக்கலாம், இதைத் தொட முடியாது. பதில் சொன்ன கார்டின் எண்ணைத் திரையில் வரவழைத்து, நோட்டில் குறித்திருந்த கார்டு எண்களோடு ஒத்துப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்தும் சரி. தேவசகாயம், கம்ப்ரஸர்.

நோட்டை மூடி டிராயரில் வைத்தேன்.

பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. சர்வருக்கு ஏழைக் கொடுத்தேன், சாதுவாக வாங்கிக்கொண்டது. மூ.சா. வந்து பார்த்து "சபாஷ்" என்றார். காலையில் நடந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

அக்டோபர் 24, புதன்

மழை. செருப்பு அறுந்தது.

9.30: சர்வர் கேபிளைக் கழற்றிக் கேட்டேன் (இனி தினமும் இப்படித்தான், கேட்டதும் திரும்ப மாட்டிவிடுவேன்), பதில் வருகிறது. 11.00: நின்றுவிட்டது. நேற்று மாதிரியே.

கேட்டில் செக்யூரிட்டி கன்னியப்பன் அண்ணனிடம் மெதுவாக விசாரித்தேன். பழைய கேபின் சாவி யாரிடம்?

"அது ஆப்பீஸ்ல தொலஞ்சி போச்சுன்னாங்க. இன்னாத்துக்கு கேக்குற?"

"அங்க ஒரு மெஷின் ஓடுது போல அண்ணே. காலைல ஒம்போதரைக்கு."

அவர் பீடியைக் கீழே போட்டார். "ஒம்போதரையா? தேவசகாயம் டூட்டிக்கு வர்ற டைமு அது. கரீட்டா வந்துடும் அந்தாளு. மேரி, இத்த என்னாண்ட சொன்ன மாதிரி வேற யாராண்டயும் சொல்லாத. பொம்பளப் புள்ளைங்கோ வேலைக்கு வராம பூடும்."

பஸ்ஸில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் பிடிக்கவில்லை. "ஷெட்ல எல்லாருக்கும் தெரியும்க்கா. ஐஸ் எடுக்கப் போவும்போது அந்த கேபினாண்ட இருமுற சத்தம் கேக்கும். நாங்க கண்டுக்கமாட்டோம்."

அக்டோபர் 25, வியாழன். ஆயுத பூஜை

எல்லா மெஷினையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. என் கீபோர்டில் குங்குமம் கொட்டி E எழுத்து வேலை செய்யவில்லை. பொரி, கடலை, சுண்டல். வாசலில் பூசணிக்காய். கம்ப்ரஸருக்கு வாழைக்கன்று.

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஹப் ஒன்று என் மேஜைக்கு மேலே சுவரில் இருக்கிறது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றாது. மெஷின் ஓடினால் அதன் கேபிளுக்கு நேரே பச்சை விளக்கு எரியும். இன்று எல்லாம் அணைந்திருக்க வேண்டும், சென்சார் பெட்டியுடையது தவிர.

இரண்டு எரிந்தது. இரண்டாவது துடித்துக்கொண்டு வேறு.

ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். ஜன்னல், கக்கூஸ் சுவர், பிறகு ஒரு ஓட்டை வழியாக கம்ப்ரஸர் பக்கம். ஓட்டையில் காது வைத்தேன். ஃபேன் ஓடும் சத்தம். சின்ன ஃபேன், மெஷினுக்குள் இருப்பது.

"மேரிம்மா, சுவத்துல இன்னா பாட்டா கேக்குற?" என்று மூ.சா. பின்னால் வந்து நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அக்டோபர் 26, வெள்ளி

லீவு. அம்மாவுக்கு ரேஷன் வாங்கினேன். வரிசையில் நிற்கும்போது முழுக்க இதே நினைப்பு.

எனக்கு பேய் பயம் கிடையாது. என் பயம் வேறு. சென்சார் பெட்டி செய்தி அனுப்புமுன் தெரு முழுக்கக் கத்தும்: 'ஏழாம் எண் யாரு?' உரியவன் 'நான்தான்' என்று சொல்லிக் கார்டு எண்ணைக் கொடுப்பான், செய்தி அவனுக்குப் போகும். இரண்டு பேர் 'நான்தான்' என்றால்? யாருக்கோ போகும். சர்வருக்குப் போகாவிட்டால் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால் ஸ்டெல்லா உரித்துக்கொண்டே இருப்பாள்.

நாளை அந்தக் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.

அக்டோபர் 27, சனி

கழற்றவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

9.35க்கு கேபின் ஜன்னலுக்குப் போனேன். கண்ணாடி முழுக்க உப்பும் புகையும். எச்சில் தொட்டுத் துடைத்தேன். உள்ளே திரை வெளிச்சம். நாற்காலி முதுகில் துண்டு. நாற்காலியில் ஆள்.

அந்த ஆள் திரும்பியது. லூர்து அக்கா.

லூர்து அக்கா எங்கள் ஆபீஸைப் பெருக்கித் துடைப்பவர். தேவசகாயம் அண்ணன் மனைவி. அவர் போனதும் இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை. சாவி தொலையவில்லை, அக்காவின் இடுப்பில் இருந்தது.

கதவைத் திறந்தார். ஊதுபத்தி வாசனை. பழைய டாஸ் மெஷின், கறுப்புத் திரை. அது யாரையும் கேட்காமல் தன் எண்ணை எடுத்துக்கொள்ளும் ரகம். மேலே இங்கிலீஷில் 'ஆபரேட்டர்: தேவசகாயம்'.

"இந்த எழுத்துங்கோ என் பேருடின்னு அவரேதான் காட்னாரு," என்றார் அக்கா. "ஒம்போதரைக்கு வந்து மொத வேலையா இத்தத்தான் போடுவாரு. நானும் பெருக்கிட்டு வந்து போடுறேன். கொஞ்ச நேரம் குந்திகினு இருப்பேன். பதினொண்ணுக்கு டீ வாங்கப் போவணும்ல, அணைச்சிடுவேன்."

"அக்கா, இத கழட்டணும்க்கா. இல்லன்னா மணி அடிக்காது."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் கழற்றியிருப்பேன் என்று நினைக்கிறேன். "ரேஷன் கார்டுல பேரை அடிச்சிட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்டுல அடிச்சிட்டாங்க. இங்க மட்டும்தான் வருது மேரி. கல்லறைத் திருநாள் வரைக்கும் வுட்ரு. அன்னிக்கி மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்து நானே கழட்டிக் குடுக்குறேன்."

கல்லறைத் திருநாள் வெள்ளிக்கிழமை. நடுவில் நான்கு வேலை நாள். தினம் ஒன்றரை மணி நேரம், அந்த நேரத்தில் அக்கா திரைக்கு முன்னால்தான் இருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டேன். திரையில் சிவப்பு வந்து பீப் என்று கத்தினால் ஓடிப் போய் தண்டவாளத்தை அடிக்கணும் என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன்.

"எனக்குத் தெரியாததா?" என்றார்.

இருமல் பற்றியும் கேட்டேன், அது நீங்கள்தானே என்று. "எனக்கு ஏது இருமலு?" என்றார்.

அக்டோபர் 29, திங்கள்

9.30: நான்கு பதில். அக்கா உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் பயம் இல்லை, ஏதோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. 11.00: நின்றது. பத்தாம் எண்ணுக்கு பிரின்டர் போட்டேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

9.30: நான்கு பதில். ஸ்டெல்லா புது கையுறை கேட்கிறாள், விரல் நுனி எல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறது. மழை.

அக்டோபர் 31, புதன்



9.30க்கு சர்வர் திரையில் அந்த எச்சரிக்கைப் பெட்டி. ஏழு வேறொருவரிடம். கேபிளைக் கழற்றிப் பிங் போட்டு மறுபடி மாட்டினேன், நான்கு பதில். அக்கா வந்துவிட்டார் என்று டீ கிளாஸை எடுத்தேன். ஆபீஸ் பெருக்காமல் கிடந்தது. நேற்றைய காகிதம் எல்லாம் தரையில்.

கேட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"லூர்தா? வர்லியே," என்றார் கன்னியப்பன் அண்ணன். "நேத்து சாயங்காலமே ஜுரம். படுத்துக்கீதுன்னு போன் வந்துச்சு."

சாவி அக்காவிடம். அக்கா வீட்டில்.

கேபினுக்குப் போனேன். ஓடினேன் என்றுதான் சொல்லணும். பூட்டு தொங்கியது. ஜன்னலில் நான் துடைத்த இடம் அப்படியே இருந்தது. உள்ளே இருட்டு. திரை இருட்டு. நாற்காலியில் துண்டு மட்டும். ஃபேன் சத்தம்கூட இல்லை.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். இரண்டு முறை. ஆம்பளை இருமல்.

கண்ணில் தண்ணீர் வந்தது. பயத்தில் வருகிறது என்று நினைத்தேன். மூக்கில் ஏறியதும்தான் புரிந்தது, அமோனியா. கேபினுக்கு அடுத்த சுவர் கம்ப்ரஸர் ரூம். அங்கிருந்து வருகிறது.

ஷெட்டில் மணி அடிக்கவில்லை. ஐஸ் உடைக்கிற சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, உட்கார்ந்து உரித்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் தண்டவாளத் துண்டை அடித்தேன். எட்டு மாதமாக யாரும் அடிக்காதது. கையில் துரு. முதல் அடியிலேயே வயதான பெண்கள் எழுந்துவிட்டார்கள், அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். நான்கு பேருக்கு வாந்தி. ஸ்டெல்லா கடைசி ஆளாக வந்தாள், தட்டை ஒழுங்காக மூடி வைத்துவிட்டு. கன்னத்தில் ஒன்று விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன், ரோட்டில், லாரிக்காரர்கள் பார்க்க.

மதியத்துக்குள் வால்வு மாற்றினார்கள். சர்வரில் பார்த்தேன். செய்தி ஒன்றும் வரவில்லை. சென்சார் பெட்டி அனுப்பியிருக்கிறது. 'நான்தான்' என்று சொன்ன இன்னொருவர் வாங்கிக்கொண்டார்.

மூ.சா.: "ரிஜிஸ்டர்ல பெல் அடிச்சதுன்னு போட்ரும்மா. பார்ட்டி வந்துட்டுப் போகட்டும்."

'அடிக்கவில்லை. என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

சனிக்கிழமையே கேபிளைக் கழற்றியிருந்தால் மணி தானாக அடித்திருக்கும். ஆனால் இன்று 9.30க்கு எனக்குப் பதில் வராமல் இருந்திருந்தால் நான் அந்த ஜன்னலுக்கே போயிருக்க மாட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே தண்டையார்பேட்டை தாண்டி, இறங்குகிற ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

நவம்பர் 1, வியாழன்

லூர்து அக்கா ஜுரத்தோடு வந்துவிட்டார். நேற்று நடந்தது காதுக்கு எட்டிவிட்டது. என் கையில் சாவியை வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு மறைச்சிட்டேன் மேரி. சனிக்கெழம நீ கெளம்பிப் போனியே, அதுக்கப்பால மெஷின்லேருந்து புஸ்ஸுன்னு பொகை வந்துச்சு. அத்தோட சரி. எரியவே இல்ல. உன்னாண்ட சொன்னா தூக்கிப் போட்ருவியேன்னு சொல்லல. திங்களு, செவ்வாய் சும்மா அது முன்னாடி குந்திகினு இருந்தேன்."

போய்த் திறந்து பார்த்தேன். கடல் காற்றில் உள்ளே எல்லாம் துரு. பவர் சப்ளை கருகிப் போயிருந்தது, தொட்டால் கரி. அது ஐந்து நாளாகச் செத்த மெஷின்.

திங்கள் நான்கு பதில். செவ்வாய் நான்கு. புதன் நான்கு. இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், மேலே.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. நாற்காலியில் கிடந்த துண்டை மடித்தார். பிறகு, "டூட்டியில லீவே போட மாட்டாரு," என்றார்.

கேபிளை நானே கழற்றினேன், இரண்டு முனையிலும். மெஷினை ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று. துண்டை அக்கா எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 2, வெள்ளி. கல்லறைத் திருநாள்

விடியும்போது மழை இல்லை. ஆறரைக்கே காசிமேடு கல்லறைக்கு அக்காவோடு போனேன். சாமந்தி, மெழுகுவர்த்தி. கடல் காற்றில் மூன்று முறை அணைந்தது. அப்பா கல்லறையையும் துடைத்துவிட்டு, எட்டரைக்கு பஸ்.

செய்த வேலை:
- சர்வரை முதலிலிருந்து அமைத்தேன். ஐபி, மாஸ்க், கேட்வே, பழையபடி.
- எண்ணுக்கு மேல் மெஷினுக்கு ஒரு பெயரும் கேட்கும். மூ.சா. கம்பெனி பெயரைப் போடச் சொல்லியிருந்தார். நான் தேவசகாயம் என்று போட்டேன்.
- சென்சார் பெட்டி முன்னால் அமோனியா தொட்ட பஞ்சைக் காட்டினேன். மணி அடித்தது, ஷெட்டே எழுந்து ஓடியது. டெஸ்ட் என்று சொன்னதும் ஸ்டெல்லா பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.
- நோட்டில் ஏழுக்கு நேரே 'சர்வர்' என்று எழுதினேன். சிலுவையை அடிக்கவில்லை.

லூர்து அக்கா பெருக்க வந்தார். திரையில் அந்த எழுத்துகளைப் பார்த்துத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். முந்தானையால் திரையைத் துடைத்தார், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு டீ வாங்கப் போய்விட்டார்.

மூ.சா. பெயரை இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் கவனிக்கட்டும்.

சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஏழை ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், இன்னொருவர் போய்விட்டாரா இல்லையா என்று. முறைப்படி அப்படிச் சோதிக்கத்தான் வேண்டும். கேபிள் வரைக்கும் கை போனது. சுவரில் ஹப்பைப் பார்த்தேன்.

பிடுங்கவில்லை. டெஸ்ட்டில் மணி அடித்துவிட்டது, ஷெட்டில் ஸ்டெல்லா இருக்கிறாள். பெட்டியின் செய்தியை இரண்டு பேர் கேட்டுக்கொண்டு இருந்தால் இருக்கட்டும்.